168 என்பதை 138 என்று எழுதிய இரவு

கர்ப்பகாலத்தில் நான் வைத்திருந்த சர்க்கரைக் குறிப்பேடு இன்னும் என் மேசை இழுப்பறையில்தான் கிடக்கிறது. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரி, ஒவ்வொரு வரியிலும் எட்டுக் கட்டங்கள்: காலையில் வெறும் வயிற்றில், காலைச் சாப்பாடு முடிந்து ஒரு மணி நேரத்தில், மதியச் சாப்பாட்டுக்கு முன், அதற்குப் பின், இரவுச் சாப்பாட்டுக்கு முன், அதற்குப் பின், படுக்கப் போகும்போது, தேவைப்பட்ட நாள்களில் அதிகாலை மூன்று மணிக்கு. ஏழு மாதங்களுக்கு மேல் விரல் நுனியைக் குத்திக் குத்தி நிரப்பிய ஏறக்குறைய 1,500 எண்கள் அதில் இருக்கின்றன. அவற்றில் மூன்று பொய். மூன்றும் 24-ஆம் வாரத்தில், ஒரே வாரத்துக்குள் எழுதியவை. முதலாவது ஒரு செவ்வாய்க்கிழமை இரவு எழுதப்பட்டது. கருவி 168 என்று காட்ட, பேனா 138 என்று எழுதியது.

பேனாவின் மேல் பழியைப் போடுவது அபத்தம்தான். ஆனால் அந்த நேரத்தில் அப்படித்தான் தோன்றியது.

எனக்குப் பதினாறு வயதில், உடல் தானே இன்சுலினைச் சுரக்க முடியாமல் போகும் டைப் 1 சர்க்கரை நோய் கண்டுபிடிக்கப்பட்டது. ஆகவே குளுக்கோமீட்டரும் ஸ்ட்ரிப்பும் இன்சுலின் ஊசியும் எனக்குப் புதியவை அல்ல. எண்களோடு சண்டை போடாமல் வாழக் கற்றுக்கொண்டிருந்தேன் என்றே நினைத்திருந்தேன். சாப்பிட்ட பிறகு 180-க்குள் இருந்தால் நிம்மதியாக அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடும் பழக்கம் எனக்கு இருந்தது. கர்ப்பம் உறுதியான பின் டாக்டர் எழுதித் தந்த எல்லைகளைப் பார்த்தபோது, பல வருடங்களாக ஓட்டிய சாலையைத் திடீரென்று பாதியாகக் குறுக்கிவிட்டது போல இருந்தது. ஒரு டெசிலிட்டர் ரத்தத்துக்கு, வெறும் வயிற்றில் 70 முதல் 95 மில்லிகிராம், சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் 140-க்குள், இரண்டு மணி நேரத்தில் 120-க்குள். இவை பொதுவாகப் பின்பற்றப்படும் இலக்குகள். அடிக்கடி சர்க்கரை மிகவும் தாழ்ந்துபோகிறவர்களுக்கு டாக்டர்கள் சற்றுத் தளர்த்திக் கொடுப்பதும் உண்டு.

ஏன் இத்தனை இறுக்கம் என்பதற்கான விளக்கம் எளிமையானது, அதே அளவுக்கு அச்சுறுத்துவது. தாயின் ரத்தத்தில் உள்ள சர்க்கரை நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தைக்குப் போகிறது. தாய் போட்டுக்கொள்ளும் இன்சுலினோ பெரும்பாலும் கடந்து போவதில்லை. அதிகச் சர்க்கரை மட்டும் உள்ளே வந்து சேர, அதைச் சமாளிக்கக் குழந்தையின் சிறிய கணையம் தானே கூடுதல் இன்சுலினைச் சுரக்கிறது. இன்சுலின் வளர்ச்சியைத் தூண்டும் ஹார்மோனும்கூட என்பதால் குழந்தை அளவுக்கு மீறிக் கொழுப்பு சேர்த்துப் பருத்துவிடலாம். பிரசவத்தின்போது தோள் சிக்கிக்கொள்ளும் அபாயம் அதிலிருந்து வருகிறது. இன்னொரு சிக்கல், தொப்புள்கொடியை வெட்டிய பிறகு தொடங்குகிறது. தாயிடமிருந்து வந்த சர்க்கரை அந்த நொடியிலேயே நின்றுபோகும். ஆனால் குழந்தையின் கணையம் பழைய வேகத்திலேயே இன்சுலினைச் சுரந்துகொண்டிருக்கும். அதனால்தான் பிறந்த முதல் சில மணி நேரங்களில் இந்தக் குழந்தைகளுக்குச் சர்க்கரை தாழ்ந்துபோகிறது. டென்மார்க்கைச் சேர்ந்த யோர்கன் பெடர்சன் என்ற மருத்துவர் 1950-களில் முன்வைத்த இந்தக் கருத்து, பிற்பாடு நிறையத் திருத்தங்களைக் கண்டாலும், அடிப்படையில் இன்றும் நிலைத்து நிற்கிறது.

2008-இல் வெளியான ஓர் ஆய்வைப் பற்றிப் படித்தது என் பார்வையை மாற்றியது. ஒன்பது நாடுகளில், சர்க்கரை நோய் என்று சொல்லுமளவுக்கு எண்கள் ஏறாத 23,000-க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்த ஹேப்போ ஆய்வு அது. தாயின் சர்க்கரை ஏற ஏற, பெரிய குழந்தை பிறக்கும் வாய்ப்பும் படிப்படியாக ஏறிக்கொண்டே போனது. இதுவரை பத்திரம், இதற்கு மேல் ஆபத்து என்று கோடு கிழிக்கத்தக்க இடம் எதுவும் தென்படவில்லை. இதைப் படித்தபோது முதலில் வயிற்றைக் கலக்கியது. நாள்கள் போகப் போக இதுவே ஆறுதலாகவும் மாறியது. 140 என்பது மனிதர்கள் கூடிப் பேசி வைத்துக்கொண்ட எல்லைக்கல். 141-இல் பள்ளத்தாக்கு எதுவும் தொடங்குவதில்லை, 139-இல் கோட்டைச் சுவரும் கிடையாது. இதைப் புத்தியால் புரிந்துகொண்டு பல வாரங்கள் கழித்துத்தான் நான் அந்தப் பொய்யை எழுதினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

தொடக்க வாரங்களின் கதை வேறு. கருத்தரித்த நாளிலிருந்து ஏறக்குறைய 28 நாள்களுக்குள் குழந்தையின் மூளைக்கும் முதுகுத்தண்டுக்கும் அடிப்படையான நரம்புக் குழாய் மூடிவிடுகிறது. இதயமும் முதல் எட்டு வாரங்களுக்குள் உருவெடுத்துவிடுகிறது. பல பெண்களுக்குக் கர்ப்பம் என்று தெரியவருவதற்குள்ளேயே இந்த வேலையில் பாதி முடிந்துவிடும். அதனால்தான் சர்க்கரை நோய் உள்ளவர்கள் கருத்தரிப்பதற்கு முன்பே, கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவை 6.5 விழுக்காட்டுக்குக் கீழே கொண்டுவரச் சொல்கிறார்கள், ஃபோலிக் அமில மாத்திரையையும் முன்கூட்டியே தொடங்கச் சொல்கிறார்கள். எனக்கு அது 6.4 வரை வர எட்டு மாதங்கள் பிடித்தன. அந்த எட்டு மாதங்களை நான் கர்ப்பகாலத்தோடு சேர்த்தே கணக்கிடுகிறேன்.

ஒன்பதாவது வாரத்திலிருந்து என்னைப் பயமுறுத்தியது ஏறும் சர்க்கரையல்ல, இறங்கும் சர்க்கரை. முதல் மூன்று மாதங்களின் பிற்பகுதியில் இன்சுலின் தேவை பலருக்குக் குறைகிறது. அதோடு குமட்டலும் சேர்ந்துகொள்ள, போட்ட ஊசிக்குத் தகுந்த சாப்பாடு உள்ளே தங்காது. ஓர் இரவு கழுத்தெல்லாம் நனைந்து விழித்தேன். விளக்கின் ஸ்விட்சைத் தடவிக்கொண்டிருக்கிறேன், கை எட்டுகிறது, ஆனால் எதற்காகத் தடவுகிறேன் என்பது மறந்துபோகிறது. கணவர்தான் என் விரலைக் குத்திப் பார்த்தார்: 47. நான்கு குளுக்கோஸ் மாத்திரைகளை ஒவ்வொன்றாக எண்ணி என் வாயில் போட்டார். ஏறக்குறைய 15 கிராம் சர்க்கரை, பிறகு 15 நிமிடம் காத்திருந்து மறுபடி சோதனை என்பது விதி. அந்தப் பதினைந்து நிமிடமும் அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது எண் 71. அதற்குப் பிறகு அதிகாலை மூன்று மணிக் கட்டம் என் குறிப்பேட்டில் காலியாக இருந்த நாள்கள் மிகக் குறைவு.

பிறகு, பதினெட்டாவது வாரத்தை ஒட்டி, காற்று எதிர்த்திசையில் திரும்பியது. நஞ்சுக்கொடி வளர வளர அது சுரக்கும் ஹார்மோன்கள் தாயின் உடலில் இன்சுலினை மந்தமாக்குகின்றன. குழந்தைக்கு எப்போதும் உணவு கிடைத்துக்கொண்டிருக்க இயற்கை செய்துவைத்த ஏற்பாடு அது. சர்க்கரை நோய் இல்லாத பெண்ணின் கணையம் சத்தமில்லாமல் கூடுதலாக உழைத்து ஈடுகட்டிவிடும். எனக்கு அந்த வேலையை ஊசியால்தான் செய்ய வேண்டும். நாளொன்றுக்கு 34 யூனிட்டில் இருந்தவள் பிரசவத்துக்கு முந்தைய வாரங்களில் 80-ஐத் தாண்டினேன். இரண்டு மடங்கு, சிலருக்கு அதற்கு மேலும் ஏறுவது வழக்கம்தான் என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். அப்போதோ, சென்ற வாரம் சரியாக இருந்த அளவு இந்த வாரம் போதாமல் போவது என் ஒழுக்கத்தில் நேர்ந்த ஓட்டையாகவே எனக்குப் பட்டது.

அப்படிப் படுவதற்குக் காரணமும் இருந்தது. எண் கூடினால் வீட்டிலும் வெளியிலும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "என்ன சாப்பிட்டே?" என்பதே. அக்கறையோடு கேட்பவரும் அதையே கேட்பார். குற்றம் கண்டுபிடிக்கக் கேட்பவரும் அதையே கேட்பார். நான் போய்வந்துகொண்டிருந்த மருத்துவமனையில் எடை பார்க்கும் இடத்தில் அமர்ந்திருந்த ஒருவர், என் குறிப்பேட்டைப் புரட்டி, எல்லையைத் தாண்டிய எண்களைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, வரிசையில் நின்றிருந்த மற்றவர்கள் காதுபட, "வாயைக் கட்ட முடியலையா?" என்று ஒருமுறை கேட்டார். அடுத்த செவ்வாய்க்கிழமை இரவு நான் அளந்து சாப்பிட்டேன், ஊசியும் சரியாகப் போட்டேன், ஆனாலும் 168 வந்தது. எழுதப் பேனாவை எடுத்தபோது என் கண்முன் நின்றது குழந்தையல்ல, அந்தச் சிவப்பு வட்டம்.

அடுத்த இரண்டு பொய்கள் எளிதாக வந்தன. 162 என்பது 135 ஆனது, 171 என்பது 132 ஆனது. இரண்டாவதை எழுதும்போது, பொருத்தமாக இருக்கட்டுமே என்று 130-ஐத் தவிர்த்து 132 என்று எழுதினேன். பூஜ்யத்தில் முடியும் எண்ணாக இருந்தால் சந்தேகம் வருமாம். இதை நினைக்கும்போதுதான் எனக்கு இன்றும் கூசுகிறது.

அந்த வாரச் சந்திப்பில் டாக்டர் குறிப்பேட்டை வாங்கிப் பார்த்தார். பிறகு குளுக்கோமீட்டரையும் கேட்டு வாங்கி, அதன் நினைவகப் பொத்தானை அழுத்திக்கொண்டே போனார். அறையில் அந்தப் பொத்தானின் சத்தம் மட்டுமே கேட்டது. ஒரு காகிதத்தில் இரண்டு பத்திகளாக இரவு எண்களை எழுதினார்: கருவி சொன்னவை ஒரு பக்கம், நான் சொன்னவை மறுபக்கம். அதை என் பக்கம் திருப்பி, "இதுல எதை வச்சு நான் டோஸ் எழுதட்டும்?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்ட கேள்வி போலவே இருந்தது. என் பத்தியை நம்பினால் இரவு ஊசியின் அளவை மாற்றத் தேவையே இல்லை. கருவியின் பத்தியைப் பார்த்தால் இரவு ஊசி போதாமல் இருப்பது தெளிவு. 10 யூனிட்டை 13 ஆக்கினார். நான்கு நாள்களில் அந்தக் கட்டங்களில் 131, 127, 136 என்று மெய்யான எண்கள் வரத் தொடங்கின. நான் பொய்யாக எழுதிய எண்களுக்கு அவை அத்தனை அருகில் இருந்தன. மூன்று யூனிட் மருந்துதான் இடையில் நின்ற தூரம்.

நான் தனி ஆள் இல்லை என்பதையும் அவர்தான் சொன்னார். 1984-இல் வெளியான ஓர் ஆய்வில், அளவுகளைத் தானாகப் பதிந்துவைக்கும் கருவிகளை நோயாளிகளுக்கு அவ்விஷயத்தைச் சொல்லாமலே கொடுத்து, அவர்கள் கையால் எழுதிய குறிப்புகளோடு ஒப்பிட்டிருக்கிறார்கள். பலருடைய குறிப்பேடுகளில் நடக்காத சோதனைகளின் எண்கள் இருந்தன, நடந்த சோதனைகளின் எண்கள் விடுபட்டிருந்தன. மொத்தத்தில் குறிப்பேடு கருவியைவிட அழகான வாழ்க்கையைக் காட்டியது. அவர்களுக்கும் ஏதோ ஒரு சிவப்பு வட்டம் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு எண்ணின் மேல் இருந்த என் மரியாதை குறைந்தது. எண்களின் வரிசை மேல் இருந்த மரியாதை கூடியது. ஒரு தனி எண் எவ்வளவு இளகியது என்பதை நானே சோதித்துப் பார்த்தேன். ஒரு நாள் காலை ஒரே விரலில், ஒரு நிமிட இடைவெளியில், ஒரே டப்பாவிலிருந்து எடுத்த இரண்டு ஸ்ட்ரிப்புகளில் பார்த்தபோது 91 வந்தது, பிறகு 99 வந்தது. எல்லையோ 95. கருவியில் பழுது இல்லை: குளுக்கோமீட்டர்களுக்கான சர்வதேசத் தரநிலையே, 100-க்குக் கீழுள்ள அளவுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து முடிவுகள் ஆய்வக அளவிலிருந்து 15 மில்லிகிராம் ஏற இறங்க இருந்தால் போதும் என்கிறது. ஆகவே ஒரு காலையின் 97 ஒரு செய்தியே அல்ல. நான்கு காலைகள் தொடர்ந்து 97, 101, 98, 103 என்றால், அது இரவில் போடும் நீண்டநேர இன்சுலினைப் பற்றிய செய்தி.

இன்னொரு நாள் மாலை 214 காட்டியது. நெஞ்சு அடித்துக்கொண்டது, ஊசியைக்கூட எடுத்துவிட்டேன். பிறகுதான் சற்றுமுன் பழம் உரித்த கை என்பது நினைவுக்கு வந்தது. சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, வேறு விரலில் பார்த்தால் 108. அந்த 214-ஐ நம்பி ஊசி போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்க எனக்குப் பிடிக்கவில்லை. கையைக் கழுவி ஈரமில்லாமல் துடைப்பது, விரலின் நடுச் சதையை விட்டுப் பக்கவாட்டில் குத்துவது, ஸ்ட்ரிப் டப்பாவின் மூடியை உடனுக்குடன் மூடுவது என்று எல்லோரும் முதல் நாளே சொல்லித்தந்து நாம் மூன்றாம் நாளே மறந்துவிடும் சங்கதிகளைத்தான் நான் அப்போது மறுபடி கற்றேன்.

26-ஆவது வாரத்தில் கையில் ஒட்டும் சென்சார் கிடைத்தது. தோலுக்கடியில் உள்ள திசு நீரில் சில நிமிடங்களுக்கு ஒருமுறை சர்க்கரையை அளந்து கைப்பேசியில் கோடாக வரைந்துகொண்டே இருக்கும் கருவி அது. டைப் 1 உள்ள கர்ப்பிணிகளிடம் நடத்திய ஒரு பெரிய ஆய்வு 2017-இல் வெளியானது. அதில் சென்சார் வைத்திருந்தவர்கள் 34-ஆவது வாரத்தில் நாளின் 68 விழுக்காட்டு நேரம் 63-க்கும் 140-க்கும் இடையில் இருந்தார்கள், விரல் குத்தி மட்டும் பார்த்தவர்கள் 61 விழுக்காட்டு நேரம் இருந்தார்கள். ஏழு விழுக்காடு என்பது கேட்கச் சிறிதாகத் தெரிந்தாலும் நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணி நேரம். அந்தக் குழுவில் பிறந்த குழந்தைகளுக்குச் சர்க்கரை மிகவும் தாழ்ந்து சிகிச்சை தேவைப்பட்டதும் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தது. ஹெச்பிஏ1சி இந்த இடத்தில் அவ்வளவாக உதவாது. கர்ப்பகாலத்தில் சிவப்பணுக்கள் வேகமாகப் புதுப்பிக்கப்படுவதால் அது உள்ளதைவிடச் சற்றுக் குறைவாகவே காட்டும். சாப்பாட்டுக்குப் பின் ஏறி இறங்கும் மேடுகளும் அந்தச் சராசரிக்குள் புதைந்துபோகும்.

சென்சாரிடம் பொய் சொல்ல முடியாது. ஆனால் அது சொல்வதெல்லாம் உண்மையும் அல்ல. வேகமாக ஏறும்போதும் இறங்கும்போதும் திசு நீர் ரத்தத்துக்குச் சில நிமிடங்கள் பின்தங்கியே ஓடும். சென்சார் ஒட்டிய கைமேல் ஒருக்களித்துப் படுத்தால் அந்த இடம் அழுந்தி, இல்லாத தாழ்வைக் காட்டி அலறும். இடப்பக்கமாகப் படுங்கள் என்று எல்லோரும் சொல்ல, இடக்கையில் அதை ஒட்டியிருந்த என்னை ஒரே இரவில் மூன்று முறை அது எழுப்பியது. மறுநாள் விரலைக் குத்தி ஒப்பிட்ட பிறகுதான் விஷயம் புரிந்தது. அடுத்த சென்சாரை வலக்கைக்கு மாற்றினேன்.

சென்சார் வந்த பிறகும் குறிப்பேட்டை நான் விடவில்லை. எண்களுக்காக அல்ல, கடைசியில் இருந்த அகலமான கட்டத்துக்காக. "ஊசி போட்டுப் பத்து நிமிடத்திலேயே சாப்பிட்டேன்", "இரவு சரியாகத் தூக்கமில்லை", "சாப்பிட்டதும் பதினைந்து நிமிடம் நடந்தேன்", "தொடையில் பழைய இடத்திலேயே போட்டேன், கட்டியாக இருக்கிறது" என்றெல்லாம் அதில் எழுதிவைத்தேன். கோடு ஏறியதை சென்சார் சொல்லும், ஏன் ஏறியது என்பதை அந்தக் கட்டம் சொல்லும். கடைசி மாதங்களில் இன்சுலின் தோலுக்கடியிலிருந்து ரத்தத்தில் சேர அதிக நேரம் எடுக்கிறது என்பதை நான் அதிலிருந்துதான் கண்டுகொண்டேன்: ஊசிக்கும் சாப்பாட்டுக்கும் இடையில் பத்து நிமிடம் விட்ட காலைகள் 150-ஐத் தாண்டின, அரை மணி நேரம் விட்டவை 125-ஐ ஒட்டி நின்றன. சாப்பாட்டின் அளவு இரண்டிலும் ஒன்றே. "என்ன சாப்பிட்டே?" என்று கேட்டவர்களுக்கு அந்தப் பக்கத்தைக் காட்டியிருக்கலாம், காட்டத் தோன்றவில்லை.

சில தலைமுறைகளுக்கு முன்னால் இந்த வசதி எதுவும் கிடையாது. 1922-க்கு முன் இன்சுலினே இல்லை; எங்களைப் போன்றவர்கள் கர்ப்பம் தரித்து உயிரோடு பிள்ளை பெறுவது அரிது. அதற்குப் பின்னும் பல பத்தாண்டுகளுக்கு வீட்டில் பார்க்க முடிந்தது சிறுநீரில் உள்ள சர்க்கரையை மட்டுமே, அதுவும் கர்ப்பகாலத்தில் நம்பத்தகாத அளவீடு. ரத்தத்தில் சர்க்கரை சரியாக இருக்கும்போதே சிறுநீரில் ஒழுகிவிடும். வீட்டிலேயே ரத்தத்தைப் பார்ப்பது 1970-களின் பிற்பகுதியில்தான் பழக்கத்துக்கு வந்தது. என் கையில் இருந்தது எவ்வளவு பெரிய சலுகை என்பது, விரல்கள் எல்லாம் கறுத்துப்போயிருந்த 36-ஆவது வாரத்தில் எனக்கு நினைவில் இருந்ததில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன்.

பிரசவ வலி தொடங்கியதும் எண்களைப் பார்க்கும் வேலை என் கையை விட்டுப் போனது. நர்ஸ் மணிக்கொரு முறை பார்த்தார். இன்சுலினும் குளுக்கோஸும் சொட்டுச் சொட்டாக ரத்தக் குழாய் வழியாகப் போய்க்கொண்டிருந்தன. 92, 104, 88, 97. நஞ்சுக்கொடி வெளியேறியதும், அத்தனை மாதங்கள் என்னை 80 யூனிட்டுக்குத் துரத்திய ஹார்மோன்களும் அதோடு போய்விட்டன. அன்றிரவே என் தேவை கர்ப்பத்துக்கு முன் இருந்ததைவிடக் கீழே இறங்கியது. டாக்டர் முன்கூட்டியே எச்சரித்து எழுதிவைத்திருந்ததால், பழைய அளவை யாரும் போட்டுவிடவில்லை.

மகளுக்குக் குதிகாலில் குத்தி முதல் துளி எடுத்தார்கள். நான் கேட்டேன், நர்ஸ் ஒரு நொடி தயங்கினார். "கொஞ்சம் கம்மிதான், பால் கொடுத்துட்டு மறுபடி பார்ப்போம்" என்றார். எண்ணைச் சொல்லுங்கள் என்றேன், 39 என்றார். மார்போடு சேர்த்துப் பிடித்துப் பால் கொடுத்தேன். ஒரு மணி நேரம் கழித்து 48, அடுத்த முறை 57. வீட்டிலிருந்து கொண்டுவந்த பையில் குறிப்பேடு இருந்தது. கணவரிடம் எடுத்துத் தரச் சொல்லி, கடைசிப் பக்கத்தில் அவள் பெயருக்குப் பதிலாக "பாப்பா" என்று எழுதி, அதன் கீழே அந்த மூன்று எண்களையும் 39-இலிருந்து தொடங்கி வரிசையாக எழுதினேன்.